எல்லாம் ஒரே பூஞ்சையா? புளூபெர்ரிச் செடியில் நோயைக் கண்டறிவது எப்படி

கேள்வி: நியூ ஜெர்சியில் எடிசன் பக்கம் குடியிருக்கிறோம். வீட்டுக்குப் பின்னால் புளூகிராப் ரகத்தில் ஐந்து புளூபெர்ரிச் செடிகள் இருக்கின்றன. போன வருடம் வரை பிள்ளைகள் பறித்துத் தின்றது போக அக்கம்பக்கத்துக்கும் கொடுத்தோம். இந்த வருடம் ஏப்ரல் கடைசியில் புதுத் தளிர்கள் அங்கங்கே பழுப்பாகித் தலை தொங்கின. உறைபனி அடித்திருக்கும் என்றார் பக்கத்து வீட்டுக்காரர். ஜூன் கடைசியில் பாதிப் பழங்கள் நீலமாகவே இல்லை. வெளிறிய ரோஜா நிறத்துக்கு வந்து, சுருங்கிக் கீழே விழுந்துவிட்டன. ஜூலையில் ஒரு செடியில் ஒரே ஒரு கிளை மட்டும் முழுசாகக் காய்ந்தது, ஆனால் இலை உதிரவில்லை. சுவரோரம் இருக்கும் செடி மஞ்சளாகிக்கொண்டே போகிறது. ஊரிலிருந்து வந்திருந்த அம்மா சொன்னபடி அடுப்புச் சாம்பல் தூவினேன். வேப்பெண்ணெய் அடித்தேன், புளித்த மோரும் தெளித்தேன். ஆகஸ்டில் மாட்டு எரு வைத்தேன். இப்போது இலைகளில் புள்ளிகளும் வந்திருக்கின்றன. இது என்ன பூஞ்சை? எந்த மருந்து அடித்தால் எல்லாம் போகும்? செடிகளைப் பிடுங்கிவிட வேண்டியதுதானா? படங்களை இணைத்திருக்கிறேன்.
- ஒரு வாசகி

பதில்: பிடுங்க வேண்டாம். ஐந்தில் ஒன்றைக்கூடப் பிடுங்க வேண்டியதில்லை. ஆனால் எல்லாவற்றையும் போக்கும் மருந்து என்று ஒன்றை என்னால் எழுதிக் கொடுக்க முடியாது. படங்களையும் நீங்கள் குறித்திருக்கும் மாதங்களையும் சேர்த்துப் பார்த்தால், உங்கள் தோட்டத்தில் மூன்று தனித்தனித் தொல்லைகள் தெரிகின்றன. பழத்தைக் கெடுத்தது ஒரு பூஞ்சை. கிளையைக் காயவைத்தது வேறொன்று. சுவரோரச் செடியின் மஞ்சளுக்கும் பூஞ்சைக்கும் சம்பந்தமே இல்லை என்பது என் கணிப்பு. மூன்றையும் ஒன்றாக எண்ணி மருந்தடித்தால் மூன்றுமே அடுத்த வருடம் திரும்பி வரும்.

எப்போது எது நடந்தது என்று நீங்கள் எழுதியிருப்பது எனக்குப் பெரிய உதவி. புளூபெர்ரியில் வரும் நோய்கள் பலவும் கடைசியில் பழுப்பு இலை, காய்ந்த குச்சி என்று ஒரே கோலத்தில் வந்து நிற்கும். அந்தக் கோலத்தைப் படமெடுத்துப் பெயர் கேட்டால் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. எந்த மாதம் தொடங்கியது, செடியின் எந்தப் பாகத்தில் தொடங்கியது, கருகின இடத்தின் மேல் என்ன வளர்ந்திருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் நோயின் பெயருக்கே போக வேண்டும்.

பழத்திலிருந்து தொடங்குகிறேன். ஏப்ரலில் அங்கங்கே தொங்கிய தளிர், ஜூனில் நீலமாகாமல் சுருங்கிய பழம். இவை இரண்டும் ஒரே நோயின் இரண்டு கட்டங்கள். அமெரிக்க விவசாயிகள் இதை மம்மி பெர்ரி என்கிறார்கள். காரணம் மோனிலினியா வேக்சினியை-கோரிம்போசை என்ற பூஞ்சை. புளூபெர்ரியையே நம்பி வாழ்வது அது. உங்கள் மாநிலத்துக்கும் இது புதிதல்ல. இன்று உலகெங்கும் பயிராகும், உயரமாக வளரும் ஹைபுஷ் வகைப் புளூபெர்ரியைக் காட்டிலிருந்து தோட்டத்துக்குக் கொண்டுவந்த இடமே நியூ ஜெர்சிதான். எலிசபெத் ஒயிட் என்ற பெண்மணியும் அமெரிக்க வேளாண்துறையின் தாவரவியலாளர் ஃபிரெடெரிக் கோவிலும் அங்குள்ள ஒயிட்ஸ்பாக் பண்ணையில் காட்டுச் செடிகளைத் தேர்ந்தெடுத்து வளர்த்தார்கள். 1916-இல் முதல் விளைச்சல் சந்தைக்குப் போனது.

இந்தப் பூஞ்சை வாழும் முறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அது புரிந்தால் என்ன செய்ய வேண்டும் என்பது தானாகத் தெரிந்துவிடும்.

ஜூனில் சுருங்கி விழுந்த பழம் அழுகி மண்ணாகிவிடாது. உள்ளே சதை இருந்த இடம் முழுக்கப் பூஞ்சை நிரம்பி இறுகிவிடும். மேல்தோல் போனபின் பார்த்தால் கறுப்பாக, வரிவரியாக, குட்டிப் பூசணிக்காய் போல இருக்கும். அந்த உருவத்தில்தான் குளிர்காலம் முழுக்கச் செடிக்கு அடியில் கிடக்கும். குளிர் அதற்கு வேண்டியதும்கூட. போதுமான குளிரை அனுபவித்த பிறகே அது விழிக்கும். புளூபெர்ரிச் செடிக்கும் அதே கணக்கு உண்டு என்பதால், மார்ச் கடைசி, ஏப்ரல் தொடக்கத்தில் மொட்டு உடையும் சமயமும் கீழே பூஞ்சை எழும் சமயமும் ஏறக்குறைய ஒத்துப்போகும். ஈர மண்ணில் கிடக்கும் பழத்திலிருந்து சில மில்லிமீட்டர் அகலத்தில் பழுப்புநிறக் கிண்ண வடிவக் காளான்கள் முளைக்கும். குனிந்து தேடினால்தான் கண்ணில் படும். அவற்றிலிருந்து பூஞ்சையின் விதை போன்ற நுண்ணிய வித்துகள் காற்றில் ஏறி இளந்தளிரில் ஒட்டும். சுமார் இரண்டு வாரத்தில் தளிர் தலை தொங்கும். நீங்கள் ஏப்ரல் கடைசியில் பார்த்தது அதுதான்.

அடுத்த கட்டம் என்னை இன்னும் வியக்க வைக்கிறது. கருகின தளிரின் நடு நரம்பிலும் இலைக்காம்பிலும் சாம்பல் நிறத் தூள் படியும். அது இரண்டாம் வகை வித்து. கருகின இலை பூவைப் போலவே புற ஊதாக் கதிரைத் திருப்பி அனுப்புகிறது, இனிப்பான கசிவையும் தருகிறது, அதனால் தேனீக்களும் மற்றப் பூச்சிகளும் அதைப் பூ என்று எண்ணி வருகின்றன என்று பட்ரா என்ற ஆய்வாளர்கள் இருவர் 1985-இல் எழுதினார்கள். அங்கே வந்த தேனீ வித்தைச் சுமந்துகொண்டு உண்மையான பூவுக்குப் போகிறது. மகரந்தம் இறங்கும் அதே வழியில், சூல்முடியில் தொடங்கிச் சூலகம் வரை பூஞ்சை இறங்கிவிடுகிறது. காய் வெளியே பச்சையாக, நலமாகத்தான் தெரியும். மற்றக் காய்கள் நீலமாகும்போது இது மட்டும் வெளிறி, ரோஜா நிறத்துக்கோ மணல் நிறத்துக்கோ போய், சுருங்கி விழும். நீங்கள் எழுதியது எழுத்துக்கு எழுத்து இதுதான்.

வேப்பெண்ணெயும் மோரும் ஏன் பலிக்கவில்லை என்பதற்கும் இதிலேயே பதில் இருக்கிறது. தளிர் தொங்குவதை நீங்கள் பார்க்கும்போது அந்தத் தளிரில் நோய் புகுந்து நாளாகிவிட்டது. பழம் நிறம் மாறும்போது பூஞ்சை உள்ளே வந்து இரண்டு மாதம் போலக் கடந்துவிட்டது. இலையின் மேல்பரப்பில் வாழும் சாம்பல் நோய் மாதிரியானவற்றுக்கு மோர் கொஞ்சம் உதவக்கூடும். சூலகத்துக்குள் இருப்பதை அது எட்டாது. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன், பூ விரிந்திருக்கும்போது வேப்பெண்ணெய் உட்பட எதையும் செடியில் தெளிக்காதீர்கள். தேனீ வரும் நேரம் அது. புளூபெர்ரி காய்ப்பதே அவற்றை நம்பித்தான்.

உறைபனியாக இருக்குமோ என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டதில் தவறில்லை. ஏப்ரலில் அங்கே உறைபனி வரும், தளிரும் கருகும். ஆனால் பனிக் கருகல் ஒரே இரவில் வரும். எந்தப் பக்கம் அடித்ததோ அந்தப் பக்கத்துத் தளிர்கள் மொத்தமாகக் கறுக்கும், பூக்களும் சேர்ந்து பழுப்பாகும். மம்மி பெர்ரியில் நல்ல தளிர்களுக்கு நடுவே ஒன்றிரண்டு மட்டும் தொங்கும். பழுப்பு இலைக்காம்பிலும் நடு நரம்பிலும் தொடங்கி ஓரத்தை நோக்கிப் பரவும். உங்கள் இரண்டாவது படத்தில் இலையின் ஓரம் இன்னும் பச்சை, நடு நரம்பு மட்டும் பழுப்பு. உறைபனி இப்படிச் செய்யாது.

இதே பருவத்தில் வரும் இன்னொன்றைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், அடுத்த வருடம் குழப்பம் வராமல் இருக்கும். போட்ரைடிஸ் என்ற சாம்பல் பூசணம், ஸ்ட்ராபெர்ரிப் பெட்டியில் நீங்கள் பார்த்திருக்கும் அதே பூசணம்தான். பூக்கும் நேரத்தில் குளிரும் மழையும் சில நாள் சேர்ந்தாற்போல் நின்றால் வரும். பனியில் அடிபட்ட பூ என்றால் இன்னும் எளிதாகப் பிடித்துக்கொள்ளும். இது பெரும்பாலும் பூவில் தொடங்கும். கொத்து முழுவதும் பழுப்பாகி, உதிர வேண்டிய இதழ்கள் ஒட்டிக்கொண்டே நிற்கும், அதன்மேல் சாம்பல் நிறப் பஞ்சு படரும். மம்மி பெர்ரியின் தூள் நரம்பையும் காம்பையும் ஒட்டி மெல்லிதாக இருக்கும், போட்ரைடிஸ் ரோமம் போலப் புசுபுசுவென்று எல்லா இடத்திலும் எழும். சந்தேகமாக இருந்தால் கருகின கொத்தை ஈரமான டிஷ்யூ பேப்பரோடு ஒரு ஜிப் பையில் போட்டு, வீட்டுக்குள் இரண்டு மூன்று நாள் வையுங்கள். போட்ரைடிஸ் என்றால் பைக்குள் சாம்பல் நிறப் பஞ்சு நன்றாக வளர்ந்துவிடும்.

மம்மி பெர்ரிக்கு இன்னும் உறுதியான சோதனை ஒன்று உண்டு, அதற்குச் சமையலறைக் கத்தி போதும். அடுத்த ஜூன் தொடக்கத்தில், காய் பச்சையாக இருக்கும்போதே சிலவற்றைப் பறித்துக் குறுக்காக வெட்டிப் பாருங்கள். நல்ல காயில் சுத்தமான பச்சைச் சதையும் சிறு விதைகளும் இருக்கும். நோய்க் காயில் விதை அறைகளுக்குள் வெள்ளைப் பஞ்சு அடைத்திருக்கும். பழுக்கும்வரை காத்திருக்காமல் அந்த வருட நிலைமை தெரிந்துவிடும்.

சரி, இப்போது என்ன செய்வது? உங்கள் வேலை எல்லாம் செடிக்கு மேலே இல்லை, அடியில் இருக்கிறது. இலை உதிர்ந்து முடிந்ததும் செடிகளைச் சுற்றிக் கிடக்கும் சுருங்கின பழங்களைக் கையாலும் லேசான வாருகோலாலும் கூட்டி அள்ளுங்கள். கிளையில் ஒட்டிக்கொண்டிருப்பவற்றையும் பறித்துவிடுங்கள். புளூபெர்ரியின் வேர்கள் மண்ணின் மேல்பகுதியிலேயே படர்வதால் ஆழமாகக் கொத்த வேண்டாம். அள்ளியதைக் கட்டிக் குப்பையில் போடுங்கள், வீட்டு உரக்குழியில் வேண்டாம். எவ்வளவு அள்ளினாலும் சில தப்பிவிடும். அதற்காக அதன்மேல் பைன் மரப்பட்டைத் தூளோ மரச்சீவலோ 2 அங்குலத்துக்குக் குறையாமல் மூடாக்கு போடுங்கள். அடியில் புதைந்த பழத்திலிருந்து எழும் காளான் அந்தக் கனத்தைத் தாண்டி மேலே வராது. மார்ச்சில் மொட்டு வீங்குவதற்கு முன் இந்த வேலை முடிந்திருக்க வேண்டும். போட்டபின் கிளறாதீர்கள், கிளறினால் புதைத்ததை நீங்களே மேலே கொண்டுவந்துவிடுவீர்கள். சில பழங்கள் ஒரு வருடத்துக்கு மேலும் உயிரோடு கிடக்கும் என்பதால் அடுத்தடுத்த வருடங்களிலும் மூடாக்கைப் புதுப்பிக்க வேண்டும்.

மருந்து அடிக்கலாமா என்று நிச்சயம் கேட்பீர்கள். பெரிய பண்ணைகளில் மொட்டு பச்சை காட்டும்போதே தொடங்கிப் பூ முடியும்வரை பூஞ்சைக்கொல்லி அடிக்கிறார்கள். ஐந்து செடிக்கு அது வேண்டாம் என்பதே என் கருத்து. தரையைச் சுத்தம் செய்தாலே பெரும்பகுதி குறைந்துவிடும். சுற்றுவட்டாரத்துத் தோட்டங்களிலிருந்து வித்து காற்றில் வரலாம், ஆனால் உங்கள் செடிக்கு அடியிலேயே எழுவதுதான் முதல் ஆபத்து. இரண்டு வருடம் இப்படிச் செய்தும் அடங்காவிட்டால் உங்கள் கவுன்டியில் உள்ள ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் வேளாண் விரிவாக்க அலுவலகத்தில் கேளுங்கள். வீட்டுத் தோட்டத்தில் பயன்படுத்தலாம் என்றும், புளூபெர்ரிக்கு என்றும் லேபிளில் அச்சிட்டிருக்கும் மருந்தை மட்டும், அதில் சொல்லியிருக்கும் அளவிலும் நேரத்திலும் அடிக்க வேண்டும். நோய் கண்ட பழத்தைத் தின்ன வேண்டாம். அதே செடியில் நன்றாக நீலமாகிப் பழுத்ததைக் கழுவித் தாராளமாகப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள்.

பழத்தைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. கடிதத்தின் கூடவே அனுப்பியிருக்கும் கிண்ணப் படத்தில் சில பழங்களின் நுனி, அதாவது பூ இருந்த பக்கம், லேசாகக் குழிந்திருக்கிறது. இது மம்மி பெர்ரி இல்லை. ஆந்த்ராக்னோஸ் என்ற பழ அழுகலாக இருக்கலாம். இதுவும் பூக்கும் காலத்திலேயே உள்ளே புகுந்துவிடும், ஆனால் பழம் நீலமாகும்வரை சத்தமில்லாமல் இருக்கும். பறித்து வைத்த பிறகு நுனி குழிந்து, ஆரஞ்சும் ரோஜாவும் கலந்த நிறத்தில் பசை போலக் கசிவு வரும். குழிந்த இடத்தில் கரும்பச்சை வெல்வெட் போலப் படர்ந்தால் அது ஆல்டர்னேரியா. பழம் கொழகொழத்து, உள்ளே சின்ன வெள்ளைப் புழு இருந்தால் பூஞ்சையையே விட்டுவிட்டுப் பழ ஈயைத் தேடுங்கள். உங்கள் செடிகள் புளூகிராப் ரகம் என்று எழுதியிருக்கிறீர்கள். அது நல்ல ரகம், ஆனால் ஆந்த்ராக்னோஸுக்கு எளிதில் இடம் கொடுக்கும். எலியட் ரகம் அதைத் தாங்கி நிற்கும், பின்னாளில் புதிதாக ஒன்று நடுவதாக இருந்தால் நினைவில் வையுங்கள். இப்போதைக்குப் பழுத்ததைச் செடியில் விட்டுவைக்காமல் அடிக்கடி பறித்து, உடனே ஃப்ரிட்ஜில் வைத்தால் போதும். மாலையில் ஸ்பிரிங்ளர் போட்டுச் செடியை நனைக்கும் வழக்கம் இருந்தால் நிறுத்துங்கள். தண்ணீர் வேருக்கு மட்டும் போகட்டும்.

இனி ஜூலையில் காய்ந்த அந்த ஒற்றைக் கிளை. சுற்றிலும் எல்லாம் பச்சை, ஒன்று மட்டும் செம்பழுப்பாகி, இலை உதிராமல் கொடி பிடித்தாற்போல் நிற்கிறது. இலை உதிராதது முக்கியமான தடயம். மெல்ல மெல்ல வாடும் கிளைக்குத் தன் இலையை உதிர்த்துவிட நேரம் இருக்கும். தண்ணீர் ஏறும் வழி திடீரென்று அடைபட்ட கிளையில் இலைகள் அப்படியே காய்ந்து ஒட்டிக்கொள்ளும். அடைப்பு தண்டுக்குள் இருக்கிறது. இப்படிச் செய்யும் பூஞ்சைகளில் இரண்டை முக்கியமாகச் சொல்ல வேண்டும். ஃபோமாப்சிஸ் பெரும்பாலும் பூ மொட்டு வழியாகவும் காயம் வழியாகவும் நுழைந்து குச்சியின் நுனியிலிருந்து கீழ்நோக்கி வரும். போட்ரியோஸ்ஃபேரியா காயத்தின் வழியே நுழைந்து தண்டின் ஒரு பக்கமாக ஓடும். இன்னொன்று, ஃபியூசிகாக்கம், குளிர் அதிகமான வடபகுதிகளில் தொல்லை தருவது. இலைத் தழும்பைச் சுற்றி வளையம் வளையமாகச் செம்பழுப்பு வட்டம் இருந்தால் அது.

இலை உதிரும்வரை காத்திருக்காமல், மழை இல்லாத ஒரு நாளில் அந்தக் கிளையை வெட்டி நீளவாக்கில் பிளந்து பாருங்கள். நல்ல தண்டு உள்ளே வெளிர்பச்சையும் வெண்மையுமாக இருக்கும். நோய்த் தண்டில் காபிக்கொட்டை நிறத்தில் ஒரு பட்டை ஓடும், பெரும்பாலும் ஒரு பக்கமாக. துளையும் மரத்தூளும் தெரிந்தால் தண்டு துளைக்கும் புழு, பூஞ்சை இல்லை. பழுப்புப் பட்டை இருந்தால் அது முடியும் இடத்துக்கும் கீழே 6 முதல் 8 அங்குலம் நல்ல தண்டையும் சேர்த்துக் கவாத்து செய்யுங்கள். பட்டை அடிவரை போயிருந்தால் தரையோடு வெட்டிவிடுங்கள், வேரிலிருந்து புதுக் கிளை வரும். ஒவ்வொரு வெட்டுக்கும் நடுவே கத்தரியை 70 சதவீத ஆல்கஹாலால் துடைப்பது நல்லது. வெட்டியதைத் தோட்டத்தில் போட்டு வைக்காதீர்கள்.

இரண்டில் எந்தப் பூஞ்சை என்று கண்ணால் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது கஷ்டம். ஆய்வகத்தில் வளர்த்துப் பார்த்தால்தான் உறுதி. உங்களுக்கு அது தெரிந்தே ஆக வேண்டும் என்றும் இல்லை, இரண்டுக்கும் வைத்தியம் கத்தரிதான். தண்டுக்குள் புகுந்த பிறகு எந்த மருந்தும் அதை வெளியே எடுக்காது. ஆனால் அது ஏன் புகுந்தது என்பதில் கவனம் வேண்டும். ஆகஸ்டில் எரு வைத்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். ஜூலைக்குப் பிறகு தழைச்சத்து கிடைத்தால் செடி இளந்தளிர் விடும். அது முற்றுவதற்குள் குளிர் வந்துவிடும். குளிரில் வெடித்த இளந்தண்டு இந்தப் பூஞ்சைகளுக்குத் திறந்த வாசல். அதனால் உரத்தை வசந்தத்தில் மட்டும் வையுங்கள். இந்தக் குளிர்காலம் போன பின் நுனிகள் கருகியிருக்கிறதா என்று மார்ச்சில் ஒரு முறை பார்த்து, கருகியதை வெட்டிவிடுங்கள்.

மூன்றாவது, சுவரோரச் செடி. இலை மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை. அதுவும் கிளை நுனியிலுள்ள இளம் இலைகளில்தான் அதிகம். புள்ளியும் பூசணமும் எதுவும் இல்லை. இது இரும்புச் சத்துக் குறைவு. மண்ணில் இரும்பு இல்லை என்று அர்த்தமில்லை, செடியால் எடுக்க முடியவில்லை. புளூபெர்ரிக்கு மண்ணின் பி.எச்., அதாவது அமில-கார அளவு, 4.5-க்கும் 5-க்கும் இடையில் வேண்டும். வீட்டின் கான்கிரீட் அடித்தளத்திலிருந்து சுண்ணாம்பு கசிந்து அந்த ஓரத்து மண்ணின் அமிலத்தன்மையைக் குறைக்கும். அதன்மேல் சாம்பலும் விழுந்திருக்கிறது. அம்மா சொன்னதைத் தப்பு என்று சொல்ல மாட்டேன். ஊரில் கத்தரிக்கும் அவரைக்கும் சாம்பல் தூவி வளர்த்த கை அது. ஆனால் சாம்பல் காரம், இந்தச் செடியோ அமில மண்ணைத் தவிர வேறெதிலும் நிம்மதியாக வாழாது. எல்லாச் செடிகளுக்கும் சாம்பலை நிறுத்திவிடுங்கள். மாட்டு எருவும் வேண்டாம், அதிலுள்ள உப்பை இதன் மெல்லிய வேர்கள் தாங்காது.

ரட்கர்ஸ் மண் பரிசோதனைக் கூடத்துக்கு மண் அனுப்பி பி.எச். பார்த்துவிட்டு, அவர்கள் சொல்லும் அளவில் கந்தகத்தூள் இடுங்கள். மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள்தான் அதை அமிலமாக மாற்ற வேண்டும், அதற்குப் பல மாதம் ஆகும். அவசரப்பட்டு இரட்டிப்பாகப் போடாதீர்கள். வசந்தத்தில் அம்மோனியம் சல்பேட் உரம் கொடுத்தால் தழைச்சத்தும் கிடைக்கும், அமிலத்துக்கும் துணையாகும். காபி போட்ட சக்கையைப் பலர் சிபாரிசு செய்வார்கள். போட்டு வடிகட்டிய சக்கையில் பெரிதாக அமிலம் மிச்சமிருக்காது.

இந்த மஞ்சளில் ஒரு சந்தேகத்தை மட்டும் நீங்களே தீர்த்துக்கொள்ள வேண்டும். மழை பெய்தால் அந்தச் சுவரோரம் தண்ணீர் தேங்குகிறதா? கூரையிலிருந்து குழாய் அங்கேதான் இறங்குகிறதா? ஆம் என்றால் ஃபைட்டாப்தோரா வேர் அழுகலையும் நினைக்க வேண்டும். அதில் செடி முழுவதும் குன்றும், இலை சிறுக்கும், மஞ்சளோடு செம்மையும் சேரும், மண் ஈரமாக இருக்கும்போதே செடி வாடும். செடியின் ஓரத்தில் மெதுவாக மண்ணை விலக்கிச் சில மெல்லிய வேர்களை எடுத்துப் பாருங்கள். வெளிர்நிறமாக, இழுத்தால் தாங்குவதாக இருந்தால் நலம். கறுத்துப் போய், விரலால் உருவினால் மேல்தோல் உறை போலக் கழன்று வந்தால் அழுகல். இது உண்மையில் பூஞ்சை வகையே இல்லை, நீர்ப்பூசணம் என்ற தனிக் கூட்டம். சாதாரணப் பூஞ்சைக்கொல்லிகள் இதனிடம் பலிக்காது. தண்ணீரை வேறு பக்கம் திருப்பி, செடியைத் தரைக்கு மேல் உயர்த்திய பாத்தியில் மாற்றி நடுவதுதான் வழி. உங்கள் படத்தில் செடி குன்றவில்லை, இலை அளவு நன்றாகவே இருக்கிறது. அதனால் நான் சுண்ணாம்பைத்தான் சந்தேகிக்கிறேன்.

ஆகஸ்டில் வந்த இலைப்புள்ளிகளுக்கு அதிகம் கவலைப்பட வேண்டாம். படத்தில் சின்ன வட்டங்கள், நடுவில் வெளிறி, ஓரத்தில் ஊதாக் கோடு. செப்டோரியா இலைப்புள்ளியாகத் தெரிகிறது. பருவக் கடைசியில் வந்தால் விளைச்சலுக்குப் பெரிய நஷ்டம் இல்லை, உதிர்ந்த இலைகளைப் பழங்களோடு சேர்த்துக் கூட்டிவிடுங்கள். ஆனால் இலையைத் திருப்பிப் பார்க்கும் பழக்கம் வேண்டும். அடிப்பக்கம் மஞ்சளும் ஆரஞ்சுமான தூள் விரலில் ஒட்டினால் துரு நோய். அந்தப் பூஞ்சைக்கு ஹெம்லாக் மரம் மாற்று இருப்பிடம், அக்கம்பக்கத்தில் வேலியாக அந்த மரம் இருக்கிறதா என்று பாருங்கள். இலையில் சிவப்பு வளையங்கள் வந்தால் இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். மேல்பக்கம் மட்டும் வளையம் இருந்தால் அது சிவப்பு வளைய வைரஸ் நோயாக இருக்கலாம், இரண்டு பக்கமும் தெரிந்தால் சாம்பல் நோய். வைரஸ் என்றால் எந்த மருந்தும் இல்லை, அந்தச் செடியிலிருந்து குச்சி வெட்டி யாருக்கும் கொடுக்கக் கூடாது. உங்கள் படங்களில் அப்படி எதுவும் இல்லை.

கிளையை மட்டும் ஆய்வகத்தில் உறுதிப்படுத்திக்கொள்ள விரும்பினால் ரட்கர்ஸ் தாவர நோய் கண்டறியும் கூடத்துக்கு அனுப்பலாம், கட்டணம் உண்டு. முழுக்கக் காய்ந்த குச்சியை அனுப்பாதீர்கள், அதில் பிறகு வந்து குடியேறிய பூஞ்சைகள்தான் வளரும். நல்ல பாகமும் நோய்ப் பாகமும் சந்திக்கும் இடம் உள்ளதாக ஒரு துண்டு வேண்டும். உலர்ந்த பேப்பரில் சுற்றிப் பையில் போடுங்கள், ஈரப் பேப்பர் வேண்டாம், வழியிலேயே அழுகிவிடும். கூடவே எந்த ரகம், எந்த மாதம் காய்ந்தது, என்னென்ன தெளித்தீர்கள், என்ன உரம் வைத்தீர்கள் என்று எனக்கு எழுதியது போலவே எழுதி வையுங்கள். வார இறுதியில் தபாலில் கிடக்காமல் இருக்கத் திங்கட்கிழமை அனுப்புவது நல்லது.